மாங்குளத்துக்கு அருகே ஒரு ரேடியஸ் சேர்வர்: எல்டாப் குழுவை வைத்து வைஃபை அனுமதி

எங்கள் படிப்பகத்து வைஃபைக்கு இப்போது ஒரே பெயர்தான். ஆசிரியர் தன் கணக்கால் நுழைந்தால் 20ஆம் வீலேனுக்கு, அதாவது அதே வயரில் தனியாகப் பிரித்த ஒரு வலைக்கு, போகிறார். பிரிண்டரும் அலுவலக ஃபைல்களும் அவருக்குத் தெரியும். மாணவர் அதே வைஃபையில் நுழைந்தால் 30ஆம் வீலேன், இணையம் மட்டும், அதுவும் மாலை ஆறு மணி வரை. எந்தக் குழுவிலும் இல்லாதவர் பாஸ்வேட்டைச் சரியாகப் போட்டாலும் உள்ளே விடாது. கேட்கச் சின்ன வேலைபோல இருக்கும். வன்னியில் வேறு ஒரு சனசமூக நிலையத்திலோ பள்ளிக்கூடத்திலோ யாராவது இதைத் தொடங்கினால் எங்கெங்கே கால் இடறும் என்று தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

படிப்பகம் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே. மண்டபத்தில் பன்னிரண்டு கணினிகள், எல்லாமே லினக்ஸ். பிள்ளைகள் எந்தக் கணினியில் இருந்தாலும் தங்கள் பெயரில் நுழைந்து தங்கள் ஃபைல்களை எடுக்கவேண்டும் என்பதற்காக, அலுவலகக் கணினியில் ஓப்பன்எல்டாப் டைரக்டரி ஒன்று, அதாவது கணக்குகளையும் குழுக்களையும் ஓரிடத்தில் வைத்து, எல்டாப் முறையில் கேட்கும் கணினிகளுக்குச் சொல்லும் பதிவேடு, முன்னரே ஓடிக்கொண்டிருந்தது. 140 கணக்குகள் வரை இருக்கும். மாணவர், ஆசிரியர், அலுவலகம் என்று மூன்று குழுக்கள். வைஃபைக்கு மட்டும் இந்த ஒழுங்கு எதுவும் இல்லை. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேட், அதுவும் அறிவித்தல் பலகையில் எழுதியிருந்தது. வாசலில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூட அதில் படம் பார்த்தார்கள். 4ஜி டேட்டா மாத நடுவிலேயே முடிந்துவிடும். “தம்பி, நீர் பாஸ்வேட்டை மாத்தினாலும் ரெண்டு நாளிலை ஊருக்கே தெரியுது” என்று நிலையத் தலைவர் ஐயா சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்.

ஏற்கெனவே இருக்கிற டைரக்டரியையே வைஃபைக்கும் பயன்படுத்தலாம் என்பதுதான் யோசனை. நடுவில் நிற்பது ரேடியஸ்: வருபவரை வலைக்குள் விடலாமா என்று ரவுட்டர் கேட்க, பதில் சொல்லும் முறை. டயல்-அப் காலத்தில், 1991இல், லிவிங்ஸ்டன் நிறுவனம் உருவாக்கியது. பல்கலைக்கழகங்களில் எடுரோம் என்ற பகிர்ந்த வைஃபை ஓடுவதும் இதன்மேல்தான். நான் எடுத்தது ரேடியஸ் சேர்வர் மென்பொருளான ஃப்ரீரேடியஸ் 3.0.26, உபுண்டு சேர்வர் 22.04இல் அப்படியே கிடைப்பது.

செலவு இவ்வளவு. வவுனியாவில் பழைய கணினி விற்கும் கடையொன்றில் சின்னப் பெட்டிக் கணினி, ஐ3, 4 ஜிபி நினைவகம், 24,000 ரூபா. அதற்கு 120 ஜிபி எஸ்எஸ்டி 6,500. வீலேன் தெரிந்த எட்டு போர்ட் சுவிச் 12,500. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் போடக்கூடிய பாவித்த ரவுட்டர் இரண்டு, ஒன்று 7,000 படி. 650 விஏ யூபிஎஸ் 15,500. வயர், கிளிப், பிவிசி குழாய் என்று இன்னொரு 9,000. பிறகு சொல்லப்போகும் 150 ரூபா பற்றரியையும் சேர்த்தால் 81,650 ரூபா. ரேடியஸுக்கு இவ்வளவு கணினி தேவையில்லை, ராஸ்பெரி பையே போதும். ஆனால் அது பழுதானால் மாற்றுச் சாமான் கிளிநொச்சியிலும் உடனே கிடைக்காது. பழைய டெஸ்க்டொப் என்றால் பவர் சப்ளை முதல் ரேம் வரை எந்தக் கடையிலும் இருக்கும்.

முதலில் ஃப்ரீரேடியஸை நிறுவி, எல்டாப் பகுதியில் சேர்வர் முகவரியையும் அடித்தளப் பெயரையும் எழுதி, ஒரு மாணவர் கணக்கை வைத்துச் சோதித்தேன். நிராகரிப்பு. டீபக் முறையில், அதாவது மைனஸ் பெரிய எக்ஸ் போட்டு ஓடவிட்டுப் பார்த்தால் என் சோதனை எல்டாப் பக்கமே போகவில்லை. இரண்டு காரணம். எல்டாப் மொடியூல் தனிப் பொதியாக வருகிறது, அதை வேறாக நிறுவவேண்டும். நிறுவினாலும், ‘மொட்ஸ்-அவெய்லபிள்’ ஃபோல்டரில் இருக்கும் ஃபைலுக்கு ‘மொட்ஸ்-எனேபிள்ட்’ ஃபோல்டரில் இணைப்புக் கொடுக்கவேண்டும். இவை இல்லாவிட்டால் சேர்வர் கத்தும் என்று நினைப்போம். கத்தாது. சேர்வர் விதிகளில் எல்டாப் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு இருக்கிறது. மொடியூல் இல்லாவிட்டால் பேசாமல் தாண்டிப் போ என்று அதற்கு அர்த்தம். நான் அந்தக் கோட்டை அழித்துவிட்டேன். எல்டாப் இல்லாமல் இந்தச் சேர்வருக்கு வேலையே இல்லை, பிறகு ஏன் பேசாமல் இருக்கவேண்டும்?

இணைப்புக் கொடுத்தபின் ஆளைக் கண்டுபிடித்தது, ஆனால் பாஸ்வேட் எதுவும் கிடைக்கவில்லை, நிர்வாகக் கணக்குக்கு அதை வாசிக்கும் உரிமை இருக்கிறதா பார் என்று எச்சரித்தது. எச்சரிக்கை சொன்னதுதான் காரணம். ஓப்பன்எல்டாப் வழக்கமாக பாஸ்வேட் புலத்தை அந்தந்த ஆளுக்குத்தான் காட்டும். ரேடியஸுக்கென்று தனிச் சேவைக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதற்கு மட்டும் வாசிக்க உரிமை கொடுத்தேன். உரிமை விதிகளை டைரக்டரி மேலிருந்து கீழாகப் பார்க்கும், முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். நான் புதிய விதியைக் கடைசியில் சேர்த்திருந்தபடியால் அது எட்டவே இல்லை. இலக்கம் பூச்சியத்தில், பாஸ்வேட் புலத்துக்கான விதிக்குள்ளேயே சேர்த்தபின் வேலை செய்தது. டைரக்டரியின் தலைமை நிர்வாகக் கணக்கையே ரேடியஸுக்குக் கொடுத்துவிடுங்கள், சுலபம் என்று சொல்பவர்கள் உண்டு. கொடுக்காதீர்கள். அந்தப் பாஸ்வேட் ரேடியஸ் ஃபைலில் வெறும் எழுத்தாகக் கிடக்கும். இரண்டு கணினிக்கும் இடையில் டிஎல்எஸ் மறைகுறியாக்கமும் கட்டாயம், ஏனென்றால் எல்லாருடைய ஹாஷும், அதாவது பாஸ்வேட்டைத் திருப்பி எடுக்க முடியாதபடி மாற்றி வைத்த வடிவமும், அந்த வயரில் போகிறது.

இந்தக் கட்டத்தில் ‘ரேட்டெஸ்ட்’ என்ற சோதனைக் கருவி சொன்னது: அனுமதி. உள்-டனல் விதிகளைத் தனியாகச் சோதிக்க, அதே கணினிக்குள் மட்டும் கேட்கிற 18120 என்ற போர்ட் இருக்கிறது. வழக்கமான 1812 போர்ட்டைச் சோதித்துவிட்டுத் திருப்திப்படுவதைவிட 18120ஐச் சோதிப்பது உபயோகம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போனை எடுத்து வைஃபையில் போட்டேன். முடியவில்லை. போன் தானாகத் தெரிவுசெய்த நுழைவு முறை பீப் என்ற மறைகுறியாக்கிய குழாய், உள்ளே பாஸ்வேட்டைச் சரிபார்க்க எம்எஸ்சாப் இரண்டாம் பதிப்பு. அந்த முறையில் பாஸ்வேட் சேர்வருக்கு வருவதே இல்லை. சவாலுக்குப் பதிலாக ஒரு கணக்கு மட்டும் வரும். அதைச் சரிபார்க்கச் சேர்வரிடம் வெறும் பாஸ்வேட் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் வகை என்டி ஹாஷ் இருக்கவேண்டும். எங்கள் டைரக்டரியில் இருப்பது உப்பிட்ட ஷா ஹாஷ், அதாவது ஒவ்வொரு பாஸ்வேட்டோடும் வேறு வேறு எழுத்துகளைக் கலந்து எடுத்தது. அதிலிருந்து மற்றதை எடுக்க வழியே இல்லை. எந்த ஃபைலைத் திருத்தினாலும் இது நடக்காது என்று புரிந்துகொள்ள முன்னம் நான் நிறைய ஃபைல்களைத் திருத்திவிட்டேன். இந்த இடத்தில் இணையத்தில் தேடினால் ஆத்-டைப், அதாவது சரிபார்க்கும் முறை, எல்டாப்தான் என்று கட்டாயப்படுத்து என்று சொல்லுவார்கள். அது பாஸ்வேட் வெறுமனே வரும் முறைக்கு மட்டும்தான் பொருந்தும். எம்எஸ்சாப்புக்கு ஒன்றும் செய்யாது, சரியாக வேலைசெய்த மற்றவற்றையும் குழப்பிவிடும்.

தெரிவு இரண்டு. 140 பேரையும் கூப்பிட்டுப் பாஸ்வேட்டை மாற்றவைத்து, மாற்றும்போதே என்டி ஹாஷையும் டைரக்டரியில் எழுதுவது. அல்லது போன்களில் டிடிஎல்எஸ், உள்ளே பாப் என்று தெரிவுசெய்வது. அப்போது பாஸ்வேட் டிஎல்எஸ் குழாய்க்குள் வெறுமனே வரும், சேர்வர் அதை ஹாஷ் செய்து ஒப்பிடும். நான் இரண்டாவதை எடுத்தேன். என்டி ஹாஷ் உப்பில்லாத பழைய எம்டி4. டைரக்டரி எப்போதாவது களவுபோனால் பிள்ளைகளின் பாஸ்வேட் எல்லாம் ஒரே இரவில் உடைந்துவிடும். அன்ட்ரொயிட்டில் டிடிஎல்எஸ் உண்டு, விண்டோஸிலும் 8ஆம் பதிப்பிலிருந்து உண்டு.

பாப் எடுத்தால் சேர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழைப் போன் சரிபார்த்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் யாராவது பக்கத்தில் அதே பெயரில் வைஃபை ஒன்றை ஓடவிட்டு எல்லாருடைய பாஸ்வேட்டையும் அள்ளிக்கொள்ளலாம். அன்ட்ரொயிட் 11இன் புதுப்பிப்புகளோடு ‘சரிபார்க்காதே’ என்ற தெரிவை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால் புதுப் போன்காரர்கள் வேறு வழியில்லாமல் சரியாகச் செய்கிறார்கள். பழைய போன்காரர்களைத்தான் நாங்கள் கவனிக்கவேண்டியிருக்கிறது.

உபுண்டுவில் ஃப்ரீரேடியஸ் முதலில் பயன்படுத்துவது ‘ஸ்னேக்ஒயில்’ என்ற தற்காலிகச் சான்றிதழ். அதை விட்டுவிட்டு, சான்றிதழ் ஃபோல்டரில் இருக்கும் மேக்ஃபைலைக் கொண்டு எங்கள் சொந்தத் தலைமைச் சான்றிதழையும் சேர்வர் சான்றிதழையும் உருவாக்கினேன். இங்கே இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். மாதிரி ஃபைல்களில் செல்லுபடிக் காலம் 60 நாள் என்று இருக்கிறது. சோதனைக்கு மட்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். மாற்றாவிட்டால் இரண்டு மாதத்தில் ஒரு காலையில் எல்லாப் போனும் ஒன்றாக வெளியே நிற்கும். தலைமைச் சான்றிதழுக்குப் பத்து வருடமும் சேர்வருக்கு இரண்டு வருடமும் போட்டேன். இரண்டாவது, சேர்வர் சான்றிதழின் பெயர். மாதிரியில் இடைவெளியோடு ஒரு வாக்கியம்போல இருக்கும். அன்ட்ரொயிட் டொமைன் பெயரைக் கேட்கிறது, அதற்கு ஒத்துப்போகும்படி புள்ளிவைத்த பெயராக இருக்கவேண்டும். மாற்றுப்பெயர்ப் புலத்திலும் அதையே எழுதினேன்.

தலைமைச் சான்றிதழைப் போன்களுக்குக் கொடுப்பதற்கு அலுவலகக் கணினியிலிருந்து புளூடூத். கூடவே ஒரு பக்கத் தாள்: எந்த முறை, உள்முறை எது, சான்றிதழ் எது, டொமைன் எது, அடையாளம் எது. அச்சடிக்க ஒரு தாளுக்கு 10 ரூபா. இந்தத் தாள் இல்லாமல் ஆரம்பித்த முதல் நாள் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது.

இனிக் குழு. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான், தலை சுற்றவைத்த பகுதியும் இதுதான்.

உள்ளே விடுவதும் எந்த வீலேனுக்கு அனுப்புவதும் ரேடியஸ் எடுக்கும் முடிவு. டைரக்டரி இந்த ஆள் இந்தக் குழுவில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னால் போதும். ஆகவே ரேடியஸ் விதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன்: எல்டாப்-குரூப் ஆசிரியர் என்றால் வீலேன் 20, மாணவர் என்றால் 30, அலுவலகம் என்றால் 10, இவற்றில் எதுவும் இல்லாவிட்டால் நிராகரி. ஓடவிட்டேன். எல்லாரும் நிராகரிக்கப்பட்டார்கள், அலுவலகம் உட்பட.

குழுவைத் தேட எல்டாப் மொடியூலுக்கு இரண்டு வழி தெரியும். ஆளின் பதிவிலேயே ‘மெம்பர்-ஒஃப்’ என்ற புலம் இருந்தால் அதைப் படிக்கும். அல்லது குழுக்களின் பதிவுகளில் ஆளின் பெயரைத் தேடும். வரும்போது முதல் வழிதான் திறந்திருந்தது. இரண்டாவதற்கான வடிகட்டி வரி முன்னால் ஹாஷ் குறியோடு தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் டைரக்டரி லினக்ஸ் கணினிகளுக்காக உருவாக்கியது, பொசிக்ஸ் குழுக்கள். அவற்றில் உறுப்பினர் பெயர் ‘மெம்பர்-யூஐடி’ என்ற புலத்தில் வெறும் பெயராக இருக்கும். ஆளின் பதிவில் குழுவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஹாஷ் குறியை எடுத்ததும் குழு கிடைத்தது.

கிடைத்தது, சிலருக்கு மட்டும். “அண்ணை, எனக்கு மட்டும் ஏலாதாம் எண்டு சொல்லுது. பாஸ்வேட் சரிதான், கணினியிலை போட்டுப் பாத்தனான்” என்று ஒரு பிள்ளை வந்தாள். சேர்வரின் பதிவுக் குறிப்பான லொக்கைப் பார்த்தால் ஆளைக் கண்டுபிடிக்கிறது, குழுவில் இல்லை என்கிறது. டைரக்டரியில் பார்த்தால் அவள் பெயர் குழுவில் இருக்கிறது. போனை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பெயரின் முதல் எழுத்துப் பெரிய எழுத்து. விசைப்பலகை தானாகப் போட்டது. ஆளின் பதிவில் நுழைவுப்பெயர் இருக்கும் யூஐடி புலத்துக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. மெம்பர்-யூஐடி புலத்துக்கு அவை வேறு வேறு. அதனால் ஆள் கிடைப்பார், குழு கிடைக்காது. எல்டாப்பைக் கூப்பிடுவதற்கு முன்னரே பெயரைச் சின்ன எழுத்தாக்கி வேறொரு புலத்தில் வைக்கும்படி ஒரு வரி சேர்த்தேன். இரண்டு தேடலும் அந்தப் புலத்தையே முதலில் பார்க்கின்றன. பெயருக்குப் பின்னால் வெற்று இடம் விட்டவர்களும் இருந்தார்கள். அதை ஃப்ரீரேடியஸின் பெயர் வடிகட்டி நேரே நிராகரித்துவிடும், நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். அழித்துவிட்டுத் திரும்ப எழுதட்டும்.

ரவுட்டர் பக்கம் போவோம். ஓப்பன்டபிள்யூஆர்டியோடு வரும், வைஃபை நுழைவைக் கவனிக்கும் டபிள்யூபேட் பொதி ‘பேசிக்’ வகை. அதில் ரேடியஸ் முறை கிடையாது, முழுப் பொதியைப் போடவேண்டும். பழையதை எடுத்ததும் வைஃபை நின்றுவிடும், ஆகவே வயரில் இருந்துகொண்டு செய்யுங்கள். ரவுட்டர்களுக்கு நிலையான முகவரி கொடுங்கள். எங்களுடையது முதலில் முகவரியைத் தானாக எடுத்துக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி, ரேடியஸ் ‘தெரியாத கிளையண்ட்’ என்று பதிலே சொல்லாமல் இருந்தது. பதில் சொல்லாமல் இருப்பதும் நிராகரிப்பதும் போன் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும், லொக்கைப் பார்த்தால்தான் பிரித்தறியலாம். ரவுட்டரும் ரேடியஸும் பகிரும் ரகசியச் சொல்லையும் மாற்றுங்கள். மாதிரி ஃபைலில் வரும் ‘டெஸ்டிங்123’ உலகத்துக்கே தெரியும்.

ரவுட்டரில் மாறும் வீலேன் என்ற அமைப்புக்கு மூன்று நிலை. பூச்சியம் என்றால் இல்லை. ஒன்று என்றால், ரேடியஸ் வீலேன் சொன்னால் கேள், சொல்லாவிட்டால் பொதுவில் விடு. இரண்டு என்றால், சொல்லாவிட்டால் வெளியே. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஒன்றில் வைத்தேன், எல்லாப் போனும் இணைந்தது, முடிந்தது என்று நினைத்துத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். பிறகு ஒரு மாணவனின் போனிலிருந்து அலுவலகப் பிரிண்டரில் கிரிக்கெட் அட்டவணை ஒன்று வெளியே வந்தது. எல்லாரும் பொது வலைக்குள்தான் இருந்திருக்கிறார்கள். இரண்டில் போட்டேன், இப்போது ஒருவரும் இணையவில்லை. நல்லது, உண்மை தெரிந்துவிட்டது: வீலேன் இலக்கம் ரவுட்டருக்கு வந்து சேரவில்லை.

காரணம் இரண்டு அடுக்கில். டிடிஎல்எஸ், பீப் இரண்டிலும் ஒரு வெளி உரையாடல், அதற்குள் ஓர் உள் உரையாடல். வெளியே தெரியும் பெயர் ‘அனொனிமஸ்’ என்று இருக்கலாம். எங்கள் தாளில் நானே அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தேன். உண்மையான பெயர் டனலுக்குள்தான். என் குழு விதிகளில் பாதி ‘டிஃபோல்ட்’ சேர்வர் ஃபைலில், அதாவது வெளி அடுக்கில் இருந்தன. அங்கே ரேடியஸ் அனொனிமஸ் என்ற ஆளைக் குழுக்களில் தேடிக்கொண்டிருந்தது. விதிகள் எல்லாவற்றையும் ‘இன்னர்-டனல்’ ஃபைலுக்கு மாற்றினேன். 18120 போர்ட்டைச் சோதிக்கச் சொன்னது இதற்காகத்தான். அது நேரே இந்த உள் அடுக்கோடு பேசுகிறது.

மாற்றியபின் 18120இல் வீலேன் அழகாக வந்தது. டனல்-டைப் வீலேன், டனல்-மீடியம்-டைப் 802, டனல்-பிரைவேட்-குரூப்-ஐடி 30. மூன்றும் வேண்டும், ஒன்று குறைந்தாலும் ரவுட்டர் பொருட்படுத்தாது. ஆனால் போனில் இன்னும் இல்லை. உள் அடுக்கின் பதில் உள்ளேயே நின்றுவிடுகிறது. இன்னர்-டனல் ஃபைலின் ‘போஸ்ட்-ஆத்’ பகுதியில் இதற்கென்றே எழுதி வைத்த ஒரு துண்டு இருக்கிறது: ‘இஃப்’, அடைப்புக்குறிக்குள் பூச்சியம். அந்தப் பூச்சியத்தை ஒன்றாக்கினால் உள் பதிலில் வேண்டாதவற்றைக் கழித்துவிட்டு மீதியை வெளி அடுக்குக்குக் கொடுக்கும். வெளி அடுக்கு அதை ரவுட்டருக்குக் கொடுக்கும். இவ்வளவு நாள் தேடியது ஓர் எழுத்து. மேலே குறிப்பும் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த ஃபைலின் முடிவு வரை உருட்டிப் பார்த்தவர்களுக்கு.

இந்தச் சோதனைகளுக்குப் போனைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டுவது அலுப்பு. ‘ஈபோல்-டெஸ்ட்’ என்ற கருவி இருக்கிறது, டெபியன் வழி வந்தவற்றில் தனிப் பொதியாகவே வருகிறது. போன் செய்வது முழுவதையும் கட்டளை வரியிலேயே செய்து, ரவுட்டருக்கு என்ன பதில் போகும் என்று காட்டும். இதை நான் ரவுட்டரைத் தொடுவதற்கு முன்னரே எடுத்திருக்கவேண்டும். அடுத்தமுறை முதல் நாளே இதுதான்.

சுவிச்சில் 10, 20, 30 மூன்றையும் ரவுட்டர் போர்ட்டுகளில் வீலேன் இலக்கக் குறியோடு விட்டேன். இதில் சொல்ல ஒன்றும் இல்லை, பத்து நிமிட வேலை. வயரைக் கூரைக்குள்ளால் இழுத்ததுதான் நேரம் எடுத்தது. அங்கே எலி கடிக்கும், அதனால்தான் பிவிசி குழாய்.

கடைசியில் நேரக் கட்டுப்பாடு. மாணவருக்கு மாலை ஆறு மணியோடு நிற்கவேண்டும் என்று கேட்டவர்கள் பெற்றோர். வைஃபை இருக்கும்வரை பெடியள் வாசலில் நிற்பார்கள், இருட்டினால் திரும்பிப் போகும் பாதையில் யானை இறங்கும். ஃப்ரீரேடியஸில் ‘லொகின்-டைம்’ என்ற ஒன்று இருக்கிறது: கிழமை நாட்களில் ஏழிலிருந்து பதினெட்டு, சனி ஞாயிறு எட்டிலிருந்து பதின்மூன்று என்று ஒரே வரியில் எழுதலாம். மாணவர் குழு விதிக்குள் அதை வைத்தேன். எல்டாப்புக்குப் பின்னும் ‘லொகின்-டைம்’ மொடியூலுக்கு முன்னும் இருக்கவேண்டும், இடம் முக்கியம். நல்ல விஷயம் என்னவென்றால் மிச்சமிருக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்து ரவுட்டருக்கும் சொல்கிறது, அதனால் ஐந்தரைக்கு நுழைந்தவரும் ஆறுக்கு வெளியே.

முதல் நாள் காலையில் மாணவர் ஒருவரும் நுழைய முடியவில்லை. பன்னிரண்டரைக்குத் திடீரென்று எல்லாரும் நுழைந்தார்கள். பன்னிரண்டரை என்றதும் விளங்கியது: உபுண்டு சேர்வர் நிறுவும்போது நேர வலயம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தது, எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். கொழும்பு வலயத்துக்கு மாற்ற ஒரு கட்டளை.

அதற்கடுத்த சிக்கல் இங்கத்தையது. இரவு முழுக்கக் கரண்ட் இல்லை, யூபிஎஸ் தாங்கும் நேரம் தாண்டி எல்லாம் நின்றது. காலையில் கரண்ட் வந்தது. ஆசிரியர்களுக்கு வைஃபை வேலை செய்கிறது, மாணவருக்கு இல்லை. சேர்வரில் நேரம் கேட்டால் நேற்று இரவு ஏழரை என்கிறது. பழைய கணினியின் தாய்ப்பலகைப் பற்றரி செத்திருந்தது. அப்படியான நேரத்தில் லினக்ஸ் தான் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து தொடங்கும். இணையம் வந்ததும் சரிசெய்துகொள்ளும். அன்றைக்கு 4ஜி டேட்டாவும் முடிந்திருந்தது. ஆகவே சேர்வருக்கு இன்னும் இரவுதான், மாணவருக்குக் கதவு பூட்டு. சிஆர்2032 பற்றரி 150 ரூபா. பழைய கணினி வாங்கினால் அதைக் கடையிலேயே மாற்றிக்கொண்டு வாருங்கள்.

கரண்ட் வந்தபின் இன்னொன்றும் நடந்தது. ரேடியஸ் பெட்டி எஸ்எஸ்டியில் சட்டென்று எழும்பும்; டைரக்டரி இருக்கும் அலுவலகக் கணினி பழைய ஹார்ட் டிஸ்க், மெதுவாக எழும்பும். ரேடியஸ் தொடங்கும்போதே எல்டாப்புக்குச் சில இணைப்புகளைத் திறந்து வைக்கப் பார்க்கும். கிடைக்காவிட்டால் தொடங்காமலே நின்றுவிடும். எல்டாப் மொடியூலின் ‘பூல்’ பகுதியில் ‘ஸ்டார்ட்’ என்பதைப் பூச்சியம் ஆக்கினேன். இப்போது காத்திராமல் எழும்புகிறது, முதல் ஆள் வரும்போது இணைப்பை எடுக்கிறது.

இனிச் செய்ய இருப்பது: டைரக்டரியின் இரண்டாவது பிரதியை ரேடியஸ் பெட்டியிலேயே ஓடவிடுவது. அலுவலகக் கணினி பழுதாகும் நாளில் வைஃபையும் சேர்ந்து நிற்கக்கூடாது. அதுவரை ஒவ்வொரு இரவும் ‘ஸ்லாப்கேட்’ கொண்டு டைரக்டரி முழுவதையும் ஒரே ஃபைலாக எடுத்து யூஎஸ்பியில் போடுகிறேன். ரேடியஸ் ஃபோல்டரையும் கூடவே. கணக்குச் சேர்ப்பதும் குழு மாற்றுவதும் இன்னும் என் கையில்தான். ஓ/எல் எழுதிய பிள்ளைகள் ஏ/எல் வகுப்புக்குப் போகும்போதும், ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போகும்போதும் எனக்குத்தான் போன் வருகிறது. அலுவலகத்துத் தங்கச்சிக்கு ஒரு வலைப்பக்கப் படிவம் செய்து கொடுத்தால் அந்த வேலை அவவிடம் போகும். சேர்வர் சான்றிதழ் முடியும் திகதியை மண்டபத்து நாட்காட்டியில் எழுத இடமில்லை, இரண்டு வருடம் தள்ளி இருக்கிறது. ஆகவே ஒரு மாதம் முன்னால் மின்னஞ்சல் அனுப்பும்படி, குறித்த நேரத்தில் தானாக ஓடும் குரொன் வேலை ஒன்று போட்டிருக்கிறேன்.